குருதியும் காவலும்: வன்னியின் பேய்க்கதைகளை இளையோருக்குச் சொல்வது குறித்து

1. கேள்வி

இரத்தம் குடிக்கும் பேயை வரையச் சொன்னால் இன்றைய பாடசாலைப் பிள்ளை பெரும்பாலும் நீண்ட கோரைப்பற்களையும் கறுப்பு மேலங்கியையும் சவப்பெட்டியையும் வரையும். அந்த உருவம் 1897 இல் பிராம் ஸ்ரோக்கரின் டிராகுலா நாவலில் புகழ்பெற்று, திரைப்படத்தில் உடுப்பு மாற்றிக்கொண்டு, கேலிப்படங்களின் வழியே உலகெங்கும் சென்றது. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் வளரும் பிள்ளைகளுக்கும் அது பழக்கமானதுதான். ஆனால் அதே பிள்ளையின் அம்மம்மாவிடம் கேட்டால் அவர் வேறு பெயர்களைச் சொல்லக்கூடும்: கொத்தி, காட்டேரி, முனி, மோகினி. இவற்றுக்குச் சவப்பெட்டி கிடையாது. உள்ளிப்பூண்டுக்கும் சிலுவைக்கும் இவை அஞ்சுவதில்லை. வேப்பிலைக்கும் இரும்புக்கும் விளக்குக்கும் அஞ்சுகின்றன.

இந்த இரண்டு உலகங்களையும் ஒன்றாகக் கொள்ளலாமா? வன்னியில் வளரும் பத்து முதல் பதினாறு வயது வரையான வாசகருக்கு இரத்தம் குடிக்கும் உருவங்களைப் பற்றி ஒரு நூல் எழுதினால், அதன் மையத்தில் யாரை நிறுத்துவது? இக்கட்டுரை எடுத்துக்கொள்ளும் கேள்வி இதுவே. ஐரோப்பிய மரபு, தமிழ் இலக்கியச் சான்று, ஈழத்துப் பிள்ளைப்பேற்று வழக்கம், 2011 இன் கிறீஸ் பூதப் பீதி ஆகியவற்றை வரிசையாகப் பார்த்தால் ஒரு வேறுபாடு தெளிவாகத் தெரிகிறது. ஐரோப்பியக் கதை புதைக்கப்பட்ட பிணத்தைப் பற்றியது. நமது கதை குருதி சிந்திக் கிடக்கும் மனிதரைப் பற்றியது. அவருக்குப் பக்கத்தில் யார் காவலிருந்தார் என்பதைப் பற்றியது.

2. பிணத்தைத் தோண்டியவர்கள்

இறந்தவர் திரும்பி வந்து இரத்தம் குடிக்கிறார் என்ற நம்பிக்கைக்கு டிராகுலாவுக்கு முன்பே ஐரோப்பாவில் ஆவணங்கள் உண்டு. 1725 இல் இன்றைய சேர்பியாவின் கிசில்யேவோ கிராமத்தில் பீட்டர் பிளகோயேவிச் என்பவர் இறந்தபின் அடுத்தடுத்துப் பலர் இறந்தார்கள். ஊரார் அவருடைய கல்லறையைத் தோண்டினார்கள். உடல் அழுகாமல் இருப்பதாகவும் வாயில் இரத்தம் இருப்பதாகவும் கண்டு, மரமுளையால் குத்தி எரித்தார்கள். 1732 இல் மெத்வெத்யா கிராமத்தில் நடந்த இதையொத்த சம்பவத்தை விசாரிக்க ஒஸ்ரிய இராணுவம் தன் மருத்துவர்களை அனுப்பியது. யோகான் ஃபுளூக்கிங்கர் கையொப்பமிட்ட அந்த அறிக்கை ஐரோப்பிய நகரங்களில் பரபரப்பாக வாசிக்கப்பட்டது. 1755 இல் பேரரசி மரியா தெரேசா தன் மருத்துவர் ஜெரார்ட் வான் சுவீற்றனின் ஆலோசனையைக் கேட்டபின், இப்படிக் கல்லறை தோண்டுவதைத் தடைசெய்தார்.

மண்ணுக்கடியில் உடல் சிதையும் விதத்தைக் கொண்டு இக்காட்சிகளை விளக்கலாம் என்று போல் பார்பர் 1988 இல் எழுதினார். வாயுவினால் உடல் வீங்குகிறது. கருஞ்சிவப்பு நீர் வாயால் வடிகிறது. தோல் சுருங்குவதால் நகமும் மயிரும் வளர்ந்ததுபோலத் தெரிகிறது. அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் 1892 இல் நடந்தது இன்னும் துயரமானது. காசநோயால் இறந்த மேர்சி பிறவுண் என்ற பத்தொன்பது வயதுப் பெண்ணின் உடலைத் தோண்டி, இதயத்தை எரித்து, சாம்பலை நோயாளியான அவள் அண்ணனுக்கு மருந்தாகக் கொடுத்தார்கள். அவனும் இறந்தான். காசநோய்க் கிருமியை றொபேர்ட் கொக் கண்டறிந்து அப்போது பத்து ஆண்டுகள் கழிந்திருந்தன.

ஒரே வீட்டில் ஒருவர்பின் ஒருவராக மெலிந்து வெளிறிச் சாகும்போது, முதலில் செத்தவர் திரும்பி வந்து மற்றவர்களின் உயிரை உறிஞ்சுகிறார் என்று ஊரார் காரணம் கண்டார்கள். தொற்றுநோய் உண்மை, காரணம் பிழை. இளைய வாசகருக்கு இதைச் சொல்வது கடினமல்ல. ஆனால் இதை அப்படியே வன்னிக்குப் பொருத்த முடியாது. சைவர்கள் பெரும்பாலும் இறந்தவரை எரிக்கிறார்கள். திரும்பி வர உடல் இல்லை. அவச்சாவு அடைந்தவரின் ஆவி அலைகிறது என்பதே இங்குள்ள நம்பிக்கை. அந்த ஆவி எதைத் தேடி வருகிறது என்பதைப் பார்க்க இலக்கியத்துக்குப் போகவேண்டும்.

3. புண்பட்ட வீரனும் வேப்பிலையும்

தமிழ் இலக்கியத்தில் பேய்களின் முதன்மையான இடம் போர்க்களம். புறநானூற்றில் பேய்மகளிர் பிணந்தின்று ஆடுகிறார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் செயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப்பரணியில் பேய்கள் களத்திலேயே அடுப்பு மூட்டிக் கூழ் சமைத்துப் பகிர்ந்துண்கின்றன. பொதுவாக மேற்கோளாக எடுக்கப்படும் பகுதிகள் இவை.

இக்கேள்விக்கு அதிகம் உதவுவது இவற்றைவிட அமைதியான ஒரு பாடல். புறநானூற்றின் 281 ஆவது பாடலில் அரிசில் கிழார் போரில் புண்பட்டுக் கிடக்கும் ஒருவனின் வீட்டைக் காட்டுகிறார். இரவமரத்தின் தழையும் வேம்பும் வீட்டில் செருகப்படுகின்றன, வெண்சிறுகடுகு தூவப்படுகிறது, நறும்புகை எழுகிறது, யாழும் குழலும் மணியும் ஒலிக்க, காஞ்சிப் பண் பாடப்படுகிறது. புண்பட்டவனைப் பேய் தீண்டாதபடி மனைவி காத்து நிற்பதைத் தொல்காப்பியம் தொடாக்காஞ்சி என்று தனித் துறையாகவே வகுத்திருக்கிறது.

இங்கே பேய் எப்படியிருக்கும் என்று யாரும் வருணிப்பதில்லை. பாடலின் கவனம் முழுவதும் காப்பவர்கள்மீது இருக்கிறது: வீட்டைப் புகையால் நிரப்புகிறார்கள், ஓசை நிற்காமல் பார்த்துக்கொள்கிறார்கள், புண்பட்டவனைத் தனியே விடாதிருக்கிறார்கள். பேயின் பெயரால் ஓர் உறவுக்கூட்டம் ஒரு காயப்பட்டவனைச் சூழ்ந்து விழித்திருக்கிறது.

4. பிள்ளை பெற்ற வீடு

வடபகுதித் தமிழரின் நாட்டார் நம்பிக்கையில் கொத்தி என்பது பிள்ளைப்பேற்றோடு பிணைந்த பெண்பேய். பிரசவ இரத்தத்தின் வாடைக்கு அது வரும், தாயையும் பச்சைப்பிள்ளையையும் வருத்தும் என்று சொல்வார்கள். அதை வீட்டிலிருந்து கலைத்துவிடும் பொறுப்பு மருத்துவிச்சியுடையது. வாசலில் வேப்பிலை, தலைமாட்டில் பாக்குவெட்டியோ கத்தியோ ஓர் இரும்பு, அணையாத விளக்கு, தாய்க்குச் சரக்குக்கறி, முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிவு என்பன அக்காலத்தின் ஒழுங்கு. பிள்ளை வெருண்டு அழுதால் பார்வை பார்ப்பதும் திருநீறு போட்டு நூல் கட்டுவதும் இன்றும் நடக்கின்றன.

புறநானூற்று வீட்டிலும் பிள்ளை பெற்ற வீட்டிலும் வேப்பிலை ஒன்றே. குருதி சிந்திய உடல் ஒன்றே. தனியே விடாதே என்ற கட்டளையும் ஒன்றே. இரண்டுக்கும் இடையே அறாத ஒரு நேர்கோட்டுத் தொடர்ச்சியை நிறுவ இது போதாது. ஆனால் இரண்டிலும் பேய் எந்த வாசலுக்கு வருகிறது என்பது ஒத்துப்போகிறது.

சிங்கள மரபும் இதற்குத் துணைநிற்கிறது. ரீரி யக்கா என்பது இரத்தத்துக்குரிய பேய். கலு குமாரயா கருவுற்ற பெண்களையும் குழந்தைகளையும் வருத்துவது. தந்திரிஸ் டி சில்வா குணரத்ன 1860களின் நடுப்பகுதியிலேயே இப்பேய்கள் பற்றி விரிவாக எழுதினார். புரூஸ் கப்பெரர் 1983 இல் வெளியிட்ட நூலில், தென்னிலங்கைப் பேயோட்டும் சடங்குகள் நோயாளியை மீண்டும் சமூகத்துக்குள் கொண்டுவரும் விதத்தை ஆராய்ந்தார். மொழியும் மதமும் வேறுபட்டாலும் அச்சம் ஒரே இடத்தில் குவிகிறது.

அந்த அச்சத்துக்கு வலுவான காரணம் இருந்தது. 1930களில் இலங்கையில் ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புகளுக்கு 2,000க்கும் மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். வன்னியில் இதற்குமேல் காய்ச்சலும் இருந்தது. ஜே. பி. லூயிஸ் 1895 இல் வெளியிட்ட வன்னி மாவட்டக் கையேடு, குளங்களும் காடும் சூழ்ந்த இந்த நிலத்தில் காய்ச்சலும் பறங்கி நோயும் மக்களைத் தேய்த்ததைப் பதிவுசெய்கிறது. மலேரியாக் கிருமி குருதியின் செங்கலங்களை அழிக்கிறது. கருவுற்ற பெண்ணுக்குக் கடும் சோகையையும் கருச்சிதைவையும் கொண்டுவருகிறது. முட்டை வளர்ப்பதற்காக இரவில் மனித இரத்தம் குடிக்கும் பெண் அனோபிலிஸ் நுளம்பே அதைப் பரப்புகிறது. வெளிறிப்போன தாய், குளிரில் நடுங்கும் உடல், திடீரென வரும் சன்னி ஆகியவற்றைக் கண்டவர்கள் இரத்தம் உறிஞ்சும் ஒன்று வந்து போனதாகச் சொன்னபோது, நோயின் விளைவைக் கூர்மையாகவே கவனித்திருந்தார்கள்.

1940களின் நடுப்பகுதியில் நுளம்பை ஒழிக்க டிடிரி தெளிப்பு தொடங்கியது. குடும்பநல மருத்துவமாது வீடு தேடி வந்தார். பிரசவம் வைத்தியசாலைக்கு மாறியது. 2010களில் தாய் இறப்பு விகிதம் ஒரு லட்சத்துக்கு 30 முதல் 40 என்ற அளவுக்கு இறங்கியது. 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடாக உலக சுகாதார நிறுவனத்தால் அறிவிக்கப்பட்டது. கொத்தியைப் பற்றிய பேச்சு இளைய தலைமுறையில் மங்கியதை இந்த மாற்றத்தோடு சேர்த்தே வாசிக்கவேண்டும்.

5. விளக்கங்களை எடைபோடல்

இத்தகைய நம்பிக்கைகளுக்கு மூன்று விளக்கங்கள் வழக்கமாகத் தரப்படுகின்றன.

முதலாவது, இவை வெறும் மூடநம்பிக்கை என்பது. பாடசாலை மேடைகளில் இதுவே அதிகம் ஒலிக்கிறது. பேய் இல்லை என்று பிள்ளைக்குச் சொல்வது சரி. ஆனால் இந்த விளக்கம் அங்கேயே நின்றுவிடுகிறது. பேய் ஏன் எல்லா வீட்டுக்கும் போகாமல் பிள்ளை பெற்ற வீட்டுக்கு வந்தது என்ற கேள்விக்கு அதனிடம் பதில் இல்லை.

இரண்டாவது, பேய் என்பது தாழ்த்தப்பட்ட பழந்தெய்வம் என்பது. தமிழ்நாட்டில் காட்டேரி பல குடும்பங்களுக்கு இன்றும் வழிபடு தெய்வம். அங்கிருந்து கப்பலேறிய கூலித் தொழிலாளர்களோடு கயானாவுக்குச் சென்ற அத்தெய்வம் அங்கே கருவுற்ற பெண்களோடும் குழந்தைகளோடும் தொடர்புபடுத்தி வணங்கப்படுகிறது. வருத்துவதும் காப்பதும் ஒரே சக்தி என்ற எண்ணம் நாட்டார் சமயத்தில் ஆழமானது. ஆகவே கொத்தியும் ஒருகாலத்தில் பேற்றுக்குரிய தெய்வமாக இருந்திருக்கலாம் என்ற ஊகத்துக்கு இடமுண்டு. ஆயினும் ஒப்புமை மட்டும் வரலாறாகிவிடாது.

மூன்றாவது, நோயைக் கொண்டு எல்லாவற்றையும் விளக்குவது. மேலே மலேரியா பற்றிச் சொன்னது இவ்வகை. இதன் வலு தெளிவு, எல்லையும் தெளிவு. முனி மரத்தில் குடியிருந்து பாதையை மறிக்கிறது. மோகினி ஆண்களை மயக்குகிறது. இவற்றை எந்தக் கிருமியோடும் இணைக்க முடியாது. காவல் என்ற இக்கட்டுரையின் வாதமும் குருதியோடு தொடர்புள்ள பேய்களுக்கே பொருந்தும். பேய்க்கதை அனைத்துக்கும் அல்ல.

காவலுக்கு இன்னொரு முகமும் உண்டு. பொழுதுபட்டால் வெளியே போகாதே, தலைமயிரை விரித்துவிடாதே, மாதவிலக்கில் வாசல் தாண்டாதே என்று பேயின் பெயரால் விதிக்கப்பட்டவை பெரும்பாலும் பெண்பிள்ளைகள்மீதே விதிக்கப்பட்டன. துணையிருப்பது எங்கே முடிகிறது, அடைத்துவைப்பது எங்கே தொடங்குகிறது என்பதை மறைத்து இக்கதைகளை இனிமையாக்கினால், வாசிக்கும் சிறுமிக்கு நாம் உண்மை சொல்லவில்லை.

6. 2011: காவலற்ற இரவுகள்

2009 மே மாதத்தில் நந்திக்கடல் ஓரத்தில் போர் முடிந்தது. செட்டிகுளத்து மெனிக் பாம் உள்ளிட்ட முகாம்களில் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் அடைக்கப்பட்டிருந்தார்கள். மெனிக் பாம் முழுமையாக மூடப்பட்டது 2012 செப்டெம்பரில். 2011 இல் வன்னியின் பல கிராமங்களில் மக்கள் மீள்குடியேறிக்கொண்டிருந்தார்கள். கூரைத் தகரமும் தறப்பாளும் கொண்ட கொட்டில்கள், மின்சாரமற்ற ஒழுங்கைகள், அருகிலேயே இராணுவ முகாம்கள். கணவனை இழந்தோ கணவன் காணாமலாக்கப்பட்டதாலோ தனித்து வாழ்ந்த பெண்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள்.

அந்த ஆண்டு ஓகஸ்டில் கிறீஸ் பூதம் நாடெங்கும் பேச்சானது. உடலில் கிறீஸ் பூசி, பிடிக்குள் அகப்படாமல் வழுக்கி ஓடும் திருடனின் பழைய உருவம்தான் அது. ஆனால் இம்முறை அவன் பெண்களை நகத்தால் கீறிக் காயப்படுத்துகிறான் என்றார்கள். புதையல் எடுக்கவோ பூசைக்கோ பெண்களின் இரத்தம் தேவைப்படுகிறது என்ற கதையும் சேர்ந்தது. மலையகத்திலிருந்து கிழக்குக்கும் புத்தளத்துக்கும் வடக்குக்கும் பேச்சு பரவியது. தமிழ்ப் பத்திரிகைகள் மர்ம மனிதர்கள் என்று எழுதின. இளைஞர்கள் பொல்லுகளோடு இரவுக்காவல் இருந்தார்கள்.

விளைவுகள் கதையில் நிற்கவில்லை. மலையகத்தில் சந்தேகத்தின்பேரில் மனிதர்கள் அடித்துக் கொல்லப்பட்டார்கள். ஓகஸ்ட் 21 அன்று புத்தளத்தில் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் கொல்லப்பட்டார். மறுநாள் இரவு யாழ்ப்பாணம் நாவாந்துறையில், தாங்கள் துரத்திய சந்தேகநபர்கள் இராணுவ முகாமுக்குள் ஓடிவிட்டதாக ஊரார் கூறித் திரண்டார்கள். தொடர்ந்த சுற்றிவளைப்பில் நூறு பேரளவில் கைதாகித் தாக்கப்பட்டார்கள். உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுக்கள் தாக்கல் செய்யப்பட்டன. அரசாங்கம் இதை வதந்தி என்றது. மக்களில் பலர் இதன் பின்னால் படையினர் இருப்பதாக நம்பினார்கள்.

ரஜேஷ் வேணுகோபால் 2015 இல் வெளியிட்ட ஆய்வு, போருக்குப் பிந்தைய இலங்கையின் அறப்பீதியாக இந்நிகழ்வை விளக்குகிறது. லூயிஸ் வைற் 2000 இல் வெளியிட்ட நூலில், குடியேற்றவாத ஆபிரிக்காவில் தீயணைப்புப் படையினர் மக்களின் இரத்தத்தை எடுக்கிறார்கள் என்று பரவிய வதந்திகளை ஆராய்ந்தார். வதந்தி உண்மையா என்பதோடு நிறுத்தாமல், அதைச் சொன்னவர்கள் தங்கள் அதிகார உலகை எப்படி உணர்ந்தார்கள் என்பதற்குச் சான்றாக அதை வாசிக்கலாம் என்பது அவருடைய வாதம். மலாவியில் 2017 இல் இரத்தம் உறிஞ்சுவோர் பற்றிய பீதியால் பலர் கும்பல்களால் கொல்லப்பட்டதையும், ஐக்கிய நாடுகள் சபை தன் ஊழியர்களை இரு மாவட்டங்களிலிருந்து வெளியேற்றியதையும் இதோடு சேர்த்துப் பார்க்கலாம்.

வன்னியைப் பொறுத்தவரை இரண்டு உண்மைகளையும் ஒருங்கே பிடித்துக்கொள்ளவேண்டும். கிறீஸ் பூதம் என்றொரு பேய் இருக்கவில்லை. தனித்திருந்த பெண்களின் இரவு அச்சத்துக்கு ஆதாரம் இருந்தது: பூட்ட முடியாத கதவு, முறையிட்டால் நம்புவார்களா என்ற ஐயம், சுற்றிலும் ஆயுதம் தாங்கிய ஆண்கள். பழைய கதையில் குருதி சிந்தியவரைச் சுற்றி ஊர் விழித்திருந்தது. 2011 இல் அந்த ஊரே போரினால் சிதறிப்போயிருந்தது. அதனால் எஞ்சிய காவல், துணையிருப்பதிலிருந்து துரத்தி அடிப்பதாக மாறும் ஆபத்துக்கு மிக அருகில் நின்றது.

7. இளையோர் நூலுக்கான நெறிகள்

பிள்ளைகளுக்குப் பேய்க்கதையே வேண்டாம் என்று சொல்பவர்கள் உண்டு. 1954 செப்டெம்பரில் கிளாஸ்கோ நகரின் கோர்பல்ஸ் பகுதியில் நூற்றுக்கணக்கான சிறுவர்கள் கத்தியும் தடியுமாக ஒரு மயானத்துக்குள் புகுந்து, இரும்புப்பல் கொண்ட இரத்தக்காட்டேரியைத் தேடினார்கள். அது இரண்டு சிறுவர்களைத் தின்றதாகப் பேச்சு. காணாமற்போன சிறுவர் எவருமில்லை. பழி அமெரிக்கத் திகில் சித்திரக்கதைகள்மீது விழுந்தது. 1955 இல் அவற்றைக் கட்டுப்படுத்தும் சட்டம் பிரித்தானியாவில் வந்தது. ஆனால் இரும்புப்பல் உருவம் அந்த ஊரின் வாய்மொழியிலும் விவிலியத்தின் தானியேல் நூலிலும் ஏற்கெனவே இருந்தது என்று பின்வந்தோர் காட்டினார்கள். புத்தகத்தைத் தடுத்தாலும் கதை ஒழுங்கையில் நடமாடும். ஆகவே நல்ல புத்தகம் தேவை.

1947 இல் தொடங்கிய அம்புலிமாமா இதழ் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கொண்டுவந்த வேதாளம் நல்ல முன்மாதிரி. 1970களின் தொடக்கத்தில் இந்திய இதழ்களின் இறக்குமதி கட்டுப்படுத்தப்படும்வரை ஈழத்துப் பிள்ளைகளும் அதைத் தாராளமாக வாசித்தார்கள். வேதாளம் இரத்தம் குடிப்பதில்லை. நியாயம் எது என்று கேள்வி கேட்கிறது. அச்சமும் சிந்தனையும் ஒரே கதையில் இருக்கலாம் என்பதற்கு அது போதிய சான்று.

வன்னியில் அதைவிட அண்மையான கதை ஒன்று உண்டு. நந்திக்கடல் ஓரத்தில் மாடு மேய்த்த சிறுவர்களிடம் ஒரு கிழவி வந்தாள். அவர்கள் அவளுக்குப் பொங்கிக் கொடுத்து, எண்ணெய் இல்லாததால் கடல்நீரில் விளக்கேற்றினார்கள். தலையில் பேன் பார்க்கச் சொன்னபோது அங்கே ஆயிரம் கண்களைக் கண்டார்கள். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலின் தோற்றக்கதை இது; வைகாசிப் பொங்கலில் இன்றும் கடல்நீரில் விளக்கெரிக்கப்படுகிறது. அச்சமூட்டும் ஓர் உருவத்தைப் பிள்ளைகளே சந்தித்துப் பசியாற்றும் கதை, இரத்தம் குடிக்கும் பேய்களைப் பற்றிய நூலுக்கு நல்ல முதல் அத்தியாயமாக அமையும்.

அடுத்ததாக, நூல் நான்கு வகைகளைத் தெளிவாகப் பிரிக்கவேண்டும்: புலவர் புனைந்தது, வீட்டார் நம்பியது, ஊரில் பரவிய வதந்தி, உயிரியல் உண்மை. நாலாவதற்குப் பொருள் நிறைய உண்டு. குளத்து நீரட்டை கடிக்கும்போது குருதி உறையாமலிருக்கச் சுரக்கும் பொருள் மருத்துவத்தில் பயன்பட்டிருக்கிறது. இரத்தம் குடிக்கும் வௌவால் இனங்கள் மூன்றே. மூன்றும் அமெரிக்கக் கண்டங்களில் வாழ்பவை. வன்னியின் மருதமரங்களில் தொங்கும் பெரிய வௌவால் பழந்தின்னி.

பதினான்கு வயதுக்கு மேற்பட்டோருக்கு 2011 ஐத் திகதியோடும் இடப்பெயரோடும் சொல்லவேண்டும். அடிபட்டவர்களையும் இறந்தவர்களையும் விடாமல் சொல்லவேண்டும். அந்த ஓகஸ்டில் தாயின் மடியில் கிடந்த பிள்ளைகள்தான் இன்று அந்த வயதை எட்டியிருக்கிறார்கள்.

இறுதியாக, நூலின் ஒரு பகுதியை வாசகரே எழுதவேண்டும். போரில் பல வன்னிக் குடும்பங்கள் தங்கள் மூத்தவர்களையும் ஏடுகளையும் ஒன்றாக இழந்தன. வீட்டுப் பிரசவம் பார்த்த மருத்துவிச்சிகளில் எஞ்சியிருப்போர் முதுமையில் இருக்கிறார்கள். மாணவர்கள் அவர்களிடம் கேட்கவேண்டிய கேள்விகள் எளியவை: பேய் வந்ததாகச் சொன்ன இரவில் யாருக்கு என்ன வருத்தம் இருந்தது? பக்கத்தில் இருந்தது யார்? என்ன கொடுத்தீர்கள், எதை எரித்தீர்கள்? எத்தனை நாள் இருந்தீர்கள்? அந்தப் பெண் எதைச் செய்யத் தடுக்கப்பட்டாள்? பதில்களை ஊர்ப்பெயரோடும் ஆண்டோடும் பதிந்து பாடசாலை நூலகத்தில் வைத்தால், கொத்தி பற்றி இப்போது ஊகமாக நிற்கும் பலவற்றை அடுத்த ஆய்வாளர் சோதித்துப் பார்க்க முடியும்.